கேப்டன் ஒருவர், வேலை ஐந்து பேருக்கு: வார இறுதி கால்பந்து அணிகளுக்கு ஒரு வழிகாட்டி

போன வருடம் ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை, மாலை ஐந்தே முக்கால். செங்குன்றம் பக்கம் நடக்கவிருந்த ஒரு செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர்) டோர்னமெண்டுக்கு என்ட்ரி முடிய இன்னும் கால் மணி நேரம்தான் இருந்தது. எங்கள் கேப்டனுடைய போன் ஸ்விட்ச் ஆஃப். அணிப் பணம் அவருடைய ஜிபேயில். ஆட்டக்காரர்களின் ஆதார் நகல்கள் அவருடைய போனில். டோர்னமெண்ட் நடத்துபவரின் நம்பரும் அவரிடம்தான். வாட்ஸ்அப் குழுவில் பதினேழு பேர் "என்னாச்சு?" என்று மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்தோம். ஆறு மணிக்கு என்ட்ரி முடிந்துவிட்டது. இரவு ஒன்பதரைக்கு அவரே கூப்பிட்டார். வேலை செய்யும் இடத்தில் ஆடிட், போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்களாம்.

அன்று அவர்மேல் எரிந்து விழுந்தவர்களில் நானும் ஒருவன். அப்புறம் யோசித்துப் பார்த்தால், ஒரு மனிதன் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிட்டு வேடிக்கை பார்த்தது நாங்கள்தான். சரி, இனிமேல் பிரித்துக்கொள்வோம் என்று முடிவெடுத்து, எதிர்த்திசையில் போய் இன்னொரு பள்ளத்தில் விழுந்தோம். "இரண்டு கேப்டன்கள், மேட்சுக்கு ஒருவர்" என்று அறிவித்தோம். மூன்றாவது மேட்சிலேயே டாஸுக்கு இரண்டு பேரும் நடந்து போனார்கள். நான்காவது மேட்சில் ஒருவரும் போகவில்லை. ஒரு முழு சீசன் இப்படிப் போன பிறகுதான் எங்களுக்கு ஒரு முறை பிடிபட்டது.

கொளத்தூர், பெரம்பூர் பக்கம் டர்ஃபில், அதாவது வாடகைச் செயற்கைப் புல் மைதானத்தில் ஆடி, மாதத்துக்கு ஒன்றிரண்டு டோர்னமெண்டுக்குப் போகும் எங்களை மாதிரியான அணிகளுக்காக இதை எழுதுகிறேன். 14 முதல் 20 பேர், சம்பளம் வாங்கும் கோச் கிடையாது, எல்லாருக்கும் வேலையோ கல்லூரியோ இருக்கிறது. பி.டி. மாஸ்டர் பார்த்துக்கொள்ளும் பள்ளி அணியாக இருந்தால் இதில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது.

1. வேலைகளை எண்ணிப் பாருங்கள்

யார் கேப்டன் என்ற பேச்சை முதல் நாளே எடுக்காதீர்கள். எடுத்தால் அன்றைக்கு வேறெதுவும் பேச முடியாது. முதலில் இப்போதைய கேப்டனை உட்கார வைத்து, ஒரு மாதத்தில் அவர் என்னவெல்லாம் செய்கிறார் என்று சொல்லச் சொல்லுங்கள், இன்னொருவர் எழுதட்டும். டீக்கடையில் ஒரு மணி நேரம் போதும்.

நாங்கள் எழுதியபோது 19 வேலைகள் வந்தன. டர்ஃப் புக் செய்வது, யார் வருகிறார்கள் என்று வியாழக்கிழமை கணக்கெடுப்பது, வராதவர்களைத் துரத்துவது, பணம் வசூலிப்பது, ஜெர்சிப் பையைத் தூக்கி வருவது, பந்துக்குக் காற்றடிப்பது, பதினோராம் வகுப்புப் பையனின் அப்பாவிடம் பேசி அனுமதி வாங்குவது, காயம்பட்டவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது என்று போய்க்கொண்டே இருந்தது. மைதானத்துக்குள் செய்யும் வேலை அதில் நான்குதான். மீதிப் பதினைந்துக்கும், கேப்டன் கையில் கட்டும் பட்டை தேவையே இல்லை. பட்டையைப் பங்கு போட நினைத்துத்தான் நாங்கள் ஒரு வருடத்தைத் தொலைத்தோம். பங்கு போட வேண்டியது இந்தப் பதினைந்தை.

2. பட்டை ஒன்றுதான்

ஆட்ட விதிகள் இதில் தெளிவாக இருக்கின்றன. களத்தில் ஒவ்வோர் அணிக்கும் ஒரு கேப்டன் இருக்க வேண்டும், அவர் கையில் பட்டை இருக்க வேண்டும். கேப்டன் என்பதால் அவருக்குத் தனிச் சலுகை எதுவும் இல்லை. அணியின் நடத்தைக்கு ஓரளவு பொறுப்பு உண்டு, அவ்வளவுதான். "நான் கேப்டன், எனக்குக் கேட்க உரிமை இருக்கு" என்று நடுவரிடம் கத்துபவர்கள் இதை ஒருமுறை படித்துவிடுவது நல்லது. கத்தினால் கேப்டனுக்கும் மஞ்சள் அட்டைதான்.

2024 ஐரோப்பியக் கோப்பையில், கேப்டன் மட்டுமே நடுவரிடம் வந்து விளக்கம் கேட்கலாம் என்ற நடைமுறை வந்தது. மற்றவர்கள் சூழ்ந்துகொண்டால் அட்டை. கோல் கீப்பர் கேப்டனாக இருந்தால், அவர் அவ்வளவு தூரம் ஓடிவர முடியாது என்பதால், களத்து ஆட்டக்காரர் ஒருவரை முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். உள்ளூர் டோர்னமெண்ட் நடுவர்களிலும் சிலர் இதைக் கடைப்பிடிக்கத் தொடங்கிவிட்டார்கள். ஆகவே கோல் கீப்பரைக் கேப்டனாக்க நினைத்தால், பேசப்போகும் ஆளையும் அன்றே முடிவு செய்துவிடுங்கள்.

பட்டை வாங்குவதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. பையன்கள் நான்கு கலரில் அணிப் பெயர், சிங்கம், மின்னல் எல்லாம் அச்சடித்துக்கொண்டு வருவார்கள். விதிப்படி, போட்டி நடத்துபவர்கள் கொடுத்த பட்டையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒரே நிறத்தில் இருக்க வேண்டும். அதன்மேல் 'கேப்டன்' என்ற சொல்லோ அதன் முதல் எழுத்தோ அல்லது மொழிபெயர்ப்போ இருக்கலாம். அதுவும் ஒரே நிறத்தில். ஆக 'தலைவர்' என்று தமிழிலேயே போட்டுக்கொள்ளலாம். நாங்கள் அப்படித்தான் வைத்திருக்கிறோம். ஒன்று 120 ரூபாய் ஆயிற்று. இரண்டாக வாங்குங்கள், ஒன்று எப்படியும் தொலையும்.

3. எந்த வேலை யாருக்கு

ஐந்து பொறுப்பு போதும். எட்டாக்கினால் எல்லாரும் பொறுப்பாளர், ஒருவரும் ஆட்டக்காரர் இல்லை என்று ஆகிவிடும்.

கேப்டன். டாஸ், நடுவரிடம் பேசுவது, ஆட்டத்தின் நடுவே அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுப்பது, மேட்ச் முடிந்ததும் எதிரணிக்குக் கை கொடுக்க எல்லாரையும் அழைத்துப் போவது. இவ்வளவுதான் அவர் வேலை. ஒரு சீசன் முழுக்க இவரே இருக்க வேண்டும், மேட்சுக்கு ஒருவர் என்று மாற்றாதீர்கள். இந்திய அணியிலேயே அந்தச் சோதனை நடந்தது. 2019 ஆசியக் கோப்பையில் பஹ்ரைனுக்கு எதிராக, வழக்கமான கேப்டன் சுனில் சேத்ரி களத்தில் இருக்கும்போதே, ப்ரொனாய் ஹால்டர் பட்டை கட்டினார். கான்ஸ்டன்டைன் பயிற்சியாளராக இருந்தபோது பட்டையை இப்படிச் சுற்றில் விட்டார். ஒன்றாகவே தங்கி தினமும் பயிற்சி செய்பவர்களுக்கு அது சரிப்படலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்த்துக்கொள்ளும் நமக்கு, இந்த வாரம் யார் சொன்னால் கேட்க வேண்டும் என்பதே மறந்துபோகும்.

துணைக் கேப்டன். கேப்டன் இல்லாதபோது மட்டும் இருப்பவர் என்று இவரை நினைக்காதீர்கள். மாற்று ஆட்டக்காரர் யார் எப்போது உள்ளே போவது என்பதை இவரிடம் கொடுங்கள். உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் கேப்டனுக்கு பெஞ்சில் எத்தனை நிமிடமாக யார் காத்திருக்கிறார்கள் என்று தெரியாது. எங்கள் அணியில் பாதிச் சண்டை "என்னை பத்து நிமிஷம்தான் விட்டாங்க" என்பதில்தான் தொடங்கும். இவர் ஒரு சின்ன நோட்டில் நிமிடக் கணக்கு எழுத ஆரம்பித்த பிறகு அந்தச் சண்டை நின்றது. அவரும் உள்ளே ஆடும்போது பெஞ்சில் இருப்பவர் கைக்கு நோட்டு போய்விடும்.

பொருளாளர். இவர் கேப்டனாக இருக்கக் கூடாது. இது ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஆறாவது பகுதியில் விரிவாகச் சொல்கிறேன்.

ஆவணப் பொறுப்பாளர். நன்றாக ஆடுபவராக இருக்க வேண்டியதில்லை. போனை எடுப்பவராக இருந்தால் போதும். எங்களுக்கு, முழங்கால் அறுவை சிகிச்சை செய்து ஒரு வருடம் ஆட முடியாமல் இருந்த பழைய லெஃப்ட் பேக் ஒருவர் கிடைத்தார். ஆட முடியாத வருடத்திலும் அணியோடு இருக்க அவருக்கு ஒரு காரணம் கிடைத்தது, எங்களுக்கு ஒழுங்கான கோப்பு கிடைத்தது.

கிட் பொறுப்பாளர். பந்து, பம்பு, பிப் (பயிற்சியில் அணி பிரிக்க மேலே போடுவது), முதலுதவிப் பை, ஜெர்சி. இதைப் புதிதாகச் சேர்ந்த சின்னப் பையன் தலையில் கட்டுவது வழக்கம். அப்படிச் செய்யாதீர்கள். பைக்கோ காரோ வைத்திருப்பவரிடம் கொடுங்கள். பஸ்ஸில் நான்கு பந்து தூக்கிக்கொண்டு வந்த பையன் எங்கள் அணியை விட்டே போய்விட்டான்.

இதோடு, 21 வயதுக்குக் குறைந்தவர்கள் தங்களுக்குள் ஒருவரைச் சொல்லட்டும். அவருக்கு வேலை எதுவும் கிடையாது. கூட்டத்தில் உட்கார்ந்தால் போதும். "அண்ணா, ராத்திரி பத்து மணி ஸ்லாட் வேணாம், வீட்ல விடமாட்டாங்க" என்று ஒருவன் வாய் திறந்து சொல்ல எங்களுக்கு இரண்டு வருடம் ஆனது. அதுவரை 'பசங்க ஒழுங்கா வர்றதில்லை' என்று திட்டிக்கொண்டிருந்தோம்.

4. ஓட்டுப் போடுங்கள், ஆனால் சீட்டில்

வாட்ஸ்அப் வாக்கெடுப்பு வேண்டாம். யார் யாருக்குப் போட்டார்கள் என்று எல்லாருக்கும் தெரியும், அதற்கப்புறம் ஆறு மாதம் அதே பேச்சு. பயிற்சி முடிந்ததும் காகிதத்தைக் கிழித்துக் கொடுத்து, ஆளுக்கு இரண்டு பெயர் எழுதச் சொல்லுங்கள். இரண்டு பெயர் என்பது முக்கியம். ஒரு பெயர் என்றால் தெருக்காரன் தெருக்காரனுக்குப் போடுவான். இரண்டாவது பெயரில்தான் மனதில் இருப்பது வெளியே வரும். எங்கள் ஓட்டில் முதல் பெயராக ஒருவருக்குக்கூடத் தோன்றாத ஒரு டிஃபெண்டர், பதினெட்டுச் சீட்டில் பதினொன்றில் இரண்டாவது பெயராக இருந்தார். இன்று அவர்தான் கேப்டன்.

அதிக ஓட்டு வாங்கியவர் கேப்டன், அடுத்தவர் துணை. இது ஒன்றும் புதிதல்ல. பார்சிலோனாவில் ஆட்டக்காரர்களே ஓட்டுப் போட்டு வரிசையாக நான்கைந்து கேப்டன்களைத் தேர்ந்தெடுப்பது வழக்கம். மற்ற மூன்று பொறுப்புக்கும் ஓட்டு வேண்டாம், விருப்பப்படுபவர்களைக் கேளுங்கள். பணப் பொறுப்பைத் தேர்தலில் விட்டால் நல்ல பையன் ஜெயிப்பான், கணக்கு தெரிந்தவன் தோற்பான்.

ஓட்டுக்கு முன்பே நிபந்தனையைச் சொல்லிவிடுங்கள்: கடந்த மூன்று மாதத்தில் பாதிப் பயிற்சிக்காவது வந்திருக்க வேண்டும். இதை ஓட்டு எண்ணிய பிறகு சொன்னால் குறிப்பிட்ட ஒருவரை வெட்டுவதற்காகச் சொன்னது போல இருக்கும். எங்களுக்கு அப்படித்தான் ஆனது. உண்மையில் அவரை வெட்டுவதற்காகத்தான் சொன்னோம் என்பது வேறு விஷயம்.

பொதுவாக அதிக கோல் அடிப்பவருக்கே ஓட்டு விழும். அதில் தப்பில்லை. ஆனால் ஆட்டம் நம் பக்கம் இல்லாதபோது ஸ்ட்ரைக்கர் அரை மைதானத்துக்கு அந்தப் பக்கம் தனியாக நின்றுகொண்டிருப்பார், அவர் குரல் பின்னால் கேட்காது. கேப்டன் முன்வரிசை என்றால் துணை பின்வரிசையில் இருக்கட்டும்.

5. ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள்

சட்டப் புத்தகம் மாதிரி வேண்டாம். ஏ4 தாளில் ஒரு பக்கம். ஐந்து பொறுப்பு, ஐந்து பெயர், ஒவ்வொருவரும் இல்லாதபோது அவர் வேலையைச் செய்யப்போகும் ஆளின் பெயர். எத்தனை மாதம் என்ற காலம். விலக வேண்டுமென்றால் எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும். கூட்டத்தில் இழுபறி வந்தால் யார் சொல்வது முடிவு. ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டு, போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் பின் செய்துவிடுங்கள்.

கடைசியில் சொன்ன இழுபறி விஷயத்தை எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். எங்களுடைய இரட்டைக் கேப்டன் காலத்தில், ஒரே ஞாயிற்றுக்கிழமை இரண்டு டோர்னமெண்ட் வந்தது. ஒரு கேப்டன் ஒன்றுக்குச் சரி சொன்னார், இன்னொருவர் மற்றதற்கு. இரண்டுக்கும் முன்பணம் கட்டியாயிற்று. ஒன்றில் 1,000 ரூபாய் திரும்பி வரவில்லை. இப்போது எங்கள் தாளில் இப்படி இருக்கிறது: மைதானத்துக்குள் கேப்டன் சொல்வது முடிவு, மைதானத்துக்கு வெளியே ஐந்தில் மூன்று பேர், 2,000 ரூபாய்க்கு மேல் செலவென்றால் எல்லாரையும் கேட்க வேண்டும்.

6. பணம்

எங்கள் கணக்கைச் சொல்கிறேன், உங்கள் ஊருக்குத் தகுந்தாற்போல மாற்றிக்கொள்ளுங்கள். 18 பேர், மாதம் 400 ரூபாய், மொத்தம் 7,200. டர்ஃப் வார இறுதியில் ஒரு மணி நேரம் 1,300, நான்கு ஞாயிறு 5,200. மீதி 2,000 பந்து, முதலுதவி, தண்ணீர், சேமிப்பு. டோர்னமெண்ட் என்ட்ரி தனி வசூல். நாங்கள் போன செவன்ஸ் போட்டிகளில் 2,500 முதல் 4,000 வரை கேட்டார்கள். ஜெர்சி ஒன்று 400 ரூபாய் என்று ஆளுக்கொன்று எடுத்தோம்.

தொகை சின்னதுதான். ஆனால் அது ஒருவருடைய சொந்தக் கணக்கில் அவருடைய சம்பளத்தோடு கலந்து கிடக்கும்போது, மாதக் கடைசியில் பாக்கி எவ்வளவு என்று அவருக்கே தெரியாது. எடுத்தார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் எல்லாரும் நினைப்பார்கள். நல்ல மனிதர்களை இந்தச் சந்தேகம் அணியை விட்டு விரட்டிவிடும்.

பொருளாளரும் இன்னொருவரும் சேர்ந்து ஒரு கூட்டுச் சேமிப்புக் கணக்கு தொடங்குங்கள். இருவருடைய ஆதார், பான் கார்டு, ஆளுக்கு இரண்டு போட்டோ. ஒரு வாரத்தில் முடிந்துவிடும். விண்ணப்பத்தில் கணக்கை இயக்கும் முறை என்று ஒரு கட்டம் வரும், அங்கே நின்று யோசியுங்கள். 'இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்' என்று டிக் செய்தால் யாராவது ஒருவரே பணம் எடுக்கலாம். 'இருவரும் சேர்ந்து' என்றால் இருவர் கையெழுத்தும் வேண்டும். நாங்கள் முதலில் இரண்டாவதைத்தான் கேட்டோம், பாதுகாப்பு என்று. அந்த முறையில் யூபிஐ தர முடியாது என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள். சனிக்கிழமை இரவு டர்ஃபுக்குப் பணம் கட்ட செக்கோடு போக முடியுமா? முதல் முறைக்கே மாறினோம். அதற்குப் பதிலாக, இரண்டு பேர் போனுக்கும் எஸ்எம்எஸ் வரும்படி செய்து, மாதம் முதல் தேதி கணக்கு அறிக்கையின் ஸ்கிரீன்ஷாட்டைக் குழுவில் போடுவது என்று வைத்துக்கொண்டோம்.

இன்னொன்று. கூட்டுக் கணக்கில் வரும் வட்டி முதல் பெயர்க்காரரின் பான் எண்ணில்தான் காட்டும். தொகை அற்பம்தான், ஆனாலும் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அணியின் பெயரிலேயே கணக்கு வேண்டும் என்று சிலர் ஆசைப்படுவார்கள். அதற்கு முதலில் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் சங்கமாகப் பதிய வேண்டும். குறைந்தது ஏழு பேர் வேண்டும், துணைவிதிகள் எழுத வேண்டும், அப்புறம் சங்கத்துக்குத் தனி பான், ஆண்டுதோறும் கணக்குத் தாக்கல். லீக்கில் கிளப்பாக ஆடப்போகிறீர்கள், ஸ்பான்சர் வருகிறார் என்றால் செய்யுங்கள். இல்லாவிட்டால் முதல் இரண்டு வருடம் அந்தப் பக்கம் போகாதீர்கள். தாக்கல் செய்ய மறந்த சங்கம், பதிவே செய்யாத அணியைவிடப் பெரிய தலைவலி.

7. ஆவணக் கோப்பு

ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை. அதில் ஆதார் நகல், பாஸ்போர்ட் அளவு போட்டோ மூன்று, பிறந்த தேதிக்கான சான்று, ரத்தப் பிரிவு, அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய இரண்டு நம்பர். வயதுப் பிரிவுப் போட்டிகளில் ஆதாரை மட்டும் ஏற்காமல் பிறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். அது வீட்டில் இல்லாத பையன்கள் நிறையப் பேர், மாநகராட்சியில் தேடி எடுக்க நாள் ஆகும். சீசன் தொடங்க ஆறு வாரம் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதமும் வேண்டும். கேட்காத போட்டிக்கும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆதாரை வாட்ஸ்அப் குழுவில் போடச் சொல்லாதீர்கள். கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை ஆதார் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். பெரும்பாலான உள்ளூர் போட்டிகளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

பிரதிகள் இரண்டு இடத்தில் இருக்க வேண்டும்: காகிதம் ஆவணப் பொறுப்பாளரிடம், ஸ்கேன் அணிக்கென்று தொடங்கிய தனி மின்னஞ்சலில். அந்த மின்னஞ்சலின் கடவுச்சொல் இரண்டு பேருக்குத் தெரிந்திருக்கட்டும். மீட்பு எண்ணாக ஒருவருடைய போன் நம்பர் இருக்குமே, அதை மாற்ற மறந்துவிடாதீர்கள். எங்கள் பழைய கணக்கின் ஓடிபி இன்றும் துபாய்க்கு வேலைக்குப் போய்விட்ட ஒருவருக்குத்தான் போகிறது. நாம் இங்கே ராத்திரி ஒன்பது மணிக்குக் கேட்டால் அவர் ஷிஃப்டில் இருப்பார்.

அங்கீகரிக்கப்பட்ட லீக்கில் ஆடப் போகிறவர்கள், ஆட்டக்காரர்களை அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் சிஆர்எஸ் என்ற மையப் பதிவு முறையில் பதிவு செய்ய வேண்டியிருக்கும். அங்கே ஏற்கெனவே வேறொரு கிளப்பில் பதிவாகியிருப்பவரை, முறைப்படி மாற்றம் செய்யாமல் உங்கள் அணியில் இறக்க முடியாது. "போன வருஷம் யாருக்காவது கையெழுத்துப் போட்டியா?" என்று ஒவ்வொருவரிடமும் வாய்விட்டுக் கேளுங்கள். ஆம் என்று தானாக ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

8. மேட்ச் அன்று

எட்டு மணி மேட்ச் என்றால், ஏழுக்குக் கிட் பொறுப்பாளர் அங்கே இருக்க வேண்டும். ஏழேகாலுக்கு ஆவணப் பொறுப்பாளர் அணிப் பட்டியலைக் கொடுத்து, கேப்டன் பெயருக்கு எதிரே குறி போட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுவார். ஏழரை முதல் வார்ம்-அப், அதைத் துணைக் கேப்டன் நடத்துவார். கேப்டனுக்கு அந்த அரை மணி நேரம் வேறு வேலை இருக்கக் கூடாது. என்ட்ரி பாக்கி, வராத ஆள், கிழிந்த ஜெர்சி எதுவும் அவர் காதுக்குப் போக வேண்டாம். எங்கள் பழைய கேப்டன் இதைக் கேட்டுவிட்டு, "இப்படி ஒரு அரை மணி நேரம் எனக்கு மூணு வருஷமா கிடைக்கலை" என்றார்.

டாஸில் ஜெயித்தால் எந்தப் பக்கம் கோல் போஸ்ட் என்பதையோ, முதல் உதையையோ தேர்ந்தெடுக்கலாம். முன்பு பக்கம் மட்டும்தான், 2019-இல் விதி மாறியது. காலை எட்டு மணிக்குச் சூரியன் எந்தக் கோல் கீப்பரின் கண்ணில் அடிக்கிறது என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

கேப்டன் மாற்றப்பட்டு வெளியே வந்தால் பட்டை உடனே துணைக்கு. அவரும் இல்லையென்றால் மூன்றாவது பெயர் யார் என்று தாளில் இருக்க வேண்டும். நடு மைதானத்தில் நின்று "நீ கட்டு, நீ கட்டு" என்று ஒருவருக்கொருவர் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கும் எதிரணிக்கு நம்மைப் பற்றி எல்லாம் தெரிந்துவிடும்.

பெனால்டி ஷூட்-அவுட் பற்றி ஒரு வார்த்தை. பொன்னேரி தாண்டி ஒரு செம்மண் மைதானத்தில் அரையிறுதி, ஒன்றுக்கு ஒன்று. நடுவர் விசில் ஊதிக் கூப்பிட்டபோது எங்கள் அணியில் ஏழு பேரும் குனிந்து ஷூ லேஸைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பட்டியல் இல்லை. அந்த வாரத்துக் கேப்டன் "யார் அடிக்கிறீங்க?" என்று கேட்டார், அவருக்கும் பதில் இல்லை. முதல் இரண்டு பேர் எப்படியோ போய் அடித்துவிட்டார்கள். மூன்றாவதுக்கு யாரும் நகரவில்லை. கடைசியில் பதினேழு வயதுப் பையன் ஒருவன், பெரியவர்கள் ஏன் நிற்கிறார்கள் என்று புரியாமல், தானே பந்தை எடுத்துக்கொண்டு போனான். கம்பத்துக்கு மேலே போனது. மேட்ச் முடிந்து தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் ஷூவைக் கழற்றாமலே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தான். நாங்கள் "பரவாயில்லைடா" என்று முதுகில் தட்டினோம். தட்டிய கைகளில் ஒன்றுகூட அன்று பந்தைத் தொட முன்வரவில்லை.

இப்போது துணைக் கேப்டனின் நோட்டில் கடைசிப் பக்கத்தில் ஏழு பெயர் வரிசையாக இருக்கிறது. மேட்சுக்கு முந்தைய பயிற்சியிலேயே கேட்டு எழுதிவிடுவார். முதல் மூன்றில் கேப்டனும் துணையும் கட்டாயம். வரிசையை நடுவரிடம் கொடுக்கத் தேவையில்லை, கடைசி நிமிடத்தில் மாற்றிக்கொள்ளலாம். இங்கே டாஸ் இரண்டு முறை: எந்தக் கோல் போஸ்ட் என்பதற்கு ஒன்று, யார் முதலில் அடிப்பது என்பதற்கு இன்னொன்று. அதையும் கேப்டனுக்குச் சொல்லி வையுங்கள், முதல் டாஸில் ஜெயித்துவிட்டு "நாங்க முதல்ல அடிக்கிறோம்" என்று நிற்பார்கள்.

9. ஒருவர் விலகினால், ஒருவரை விலக்கினால்

வேலை மாறும், கல்யாணம் ஆகும், முழங்கால் போகும். பதினைந்து நாள் முன்னறிவிப்பு என்று தாளில் இருந்தால் போதும், காரணம் கேட்காதீர்கள்.

விலக்குவதுதான் கஷ்டம். இங்கிலாந்தின் ஆர்சனல் கிளப்பில் 2019-இல் ஆட்டக்காரர்கள் ஓட்டுப் போட்டு ஐந்து கேப்டன்களை வைத்திருந்தார்கள். அக்டோபர் 27 அன்று கிரிஸ்டல் பேலஸ் ஆட்டத்தில், மாற்றப்பட்டு வெளியே வந்த முதல் கேப்டன் ஜாக்காவுக்கும் சொந்த ரசிகர்களுக்குமே மோதல். அடுத்த மாதம் பட்டை அவரிடமிருந்து போனது, பட்டியலில் இருந்த ஒபமயாங் கைக்கு வந்தது. அவ்வளவு பெரிய கிளப்பே ஒன்பது நாள் தடுமாறிவிட்டுத்தான் முடிவெடுத்தது. நம் அணியில் அதைத் தோல்வி கண்ட அன்றே மைதானத்தில் வைத்துச் செய்யாதீர்கள். இரண்டு நாள் போகட்டும். குழுவில் போடுவதற்கு முன்னால் இருவர் நேரில் போய், டீ வாங்கிக் கொடுத்துச் சொல்லுங்கள். அணிக்குள் வயதில் மூத்தவர் ஒருவர் இருந்தால் அவர் போகட்டும். "அண்ணன் வந்து சொன்னார்" என்பதில் ஒரு மரியாதை இருக்கிறது. பொருளாளரை மாற்றும்போது மட்டும் காத்திருக்க வேண்டாம். அன்றே கணக்கை முடித்து, பாக்கியை எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.

சீசன் முடிந்ததும் ஒப்படைப்புக்கு ஒரு நாள் வையுங்கள். எங்கள் போன ஒப்படைப்புப் பட்டியல் இது: பந்து நான்கு (ஒன்று ஒட்டுப் போட்டது), பிப் பத்து, பம்பு ஒன்று, ஊசி மூன்று, முதலுதவிப் பை ஒன்று, உறைகள் பதினெட்டு, பாஸ்புக், டர்ஃப்காரரிடம் முன்பணம் 1,300, பட்டை ஒன்று. இரண்டாவது பட்டை எங்கே என்று இன்னும் தெரியவில்லை. பழைய கேப்டன் வீட்டில் அவருடைய மகள் பொம்மைக்குக் கட்டி வைத்திருப்பதாகக் கேள்வி.